இரைச்சல் யாருடைய பரம்பரைச் சொத்து?

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தோழர் இசை பற்றிக் கட்டுரை கேட்டார். பிளாக் மெட்டல் பற்றி எழுதட்டுமா என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அதெல்லாம் இருக்கட்டும் தோழர், நம்ம இசையப் பத்தி எழுதுங்களேன். பறை இருக்கு, கானா இருக்கு, ஒப்பாரி இருக்கு" என்றார்.

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த "நம்ம" என்னைப் பழைய இடம் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனது. பொறியியல் கல்லூரி விடுதி, முதலாம் ஆண்டு. என் ஹெட்செட்டிலிருந்து கசிந்த இரைச்சலைக் கேட்ட அறைத்தோழன் சிரித்துக்கொண்டே, "உங்க ஆளுங்களுக்கு கானாதானடா செட் ஆகும், இது என்ன புதுசா?" என்றான். என் சாதியை அதுவரை நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. எப்படியோ விசாரித்து வைத்திருந்தான்.

ஒருவர் அன்பாகச் சொன்னார், இன்னொருவன் கிண்டலாகச் சொன்னான். இருவரும் எனக்குக் காட்டிய இடம் ஒன்றுதான். பறைச் சத்தம் கேட்டால் எனக்கும் கால் நிற்காது. கானாவில் இருக்கும் நக்கலும் துக்கமும் எந்த இசைக்கும் குறைந்ததில்லை. ஆனால் அவை எனக்குப் பிறப்பால் ஒதுக்கப்பட்டவை, மற்றவை எனக்கு வெளியே என்று யாரும் சொல்லும்போது, இசை ரசனை என்ற பெயரில் ஊரும் சேரியும் மறுபடியும் பிரிக்கப்படுகின்றன. அந்தத் தோழருக்கு அன்று நான் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். அதற்கு எனக்குக் கைகொடுப்பது அமெரிக்காவைச் சேர்ந்த பிளாக்பிரெய்ட் என்ற புதிய பிளாக் மெட்டல் இசைக்குழு.

குழு என்று சொன்னாலும் அடிப்படையில் அது ஒற்றை ஆளின் வேலை. நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, அடிரோண்டாக் மலைக்காட்டுப் பகுதியில் வாழும் பூர்வகுடி இசைக்கலைஞர் ஒருவர், 'ஸ்காகாசோவா' என்ற மேடைப்பெயரில் பாடல்களை எழுதி, பாடி, கிதார் வாசிக்கிறார். டிரம்ஸுக்கும் ஒலிப்பதிவுக்கும் ஒரு கூட்டாளி உண்டு. 2022இல் முதல் ஆல்பம், 2023இல் இரண்டாவது, 2025இல் மூன்றாவது. முதல் இரண்டையும் பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல் தானே வெளியிட்டார்.

பிளாக் மெட்டலைக் கேட்டிராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிதார் தந்தியை மேலும் கீழுமாக அதிவேகமாகத் தொடர்ந்து மீட்டுவார்கள். ஒரே சுரம் நடுங்கிக்கொண்டே நீளும். அதன் உள்ளே ஒரு மெல்லிய சோக மெட்டு ஓடும். டிரம்ஸ் இயந்திரத் துப்பாக்கிபோல் அடிக்கும். பாடகர் பாட மாட்டார், அலறுவார். ஒலிப்பதிவு பளபளப்பாக இருக்காது, வேண்டுமென்றே சொரசொரப்பாக விட்டிருப்பார்கள். முதல் தடவை கேட்டால் தகரக் கொட்டகையில் பேய்மழை பெய்வதுபோல் இருக்கும். காது பழகிய பிறகுதான் அந்த மழைக்குள் யாரோ அழுதுகொண்டிருப்பது கேட்கும்.

பிளாக்பிரெய்ட் இந்த ஒலியைத் துளியும் மாற்றவில்லை. எலக்ட்ரானிக் கலப்பு, ஹிப் ஹாப் கலப்பு போன்ற புதுமைகள் எதுவும் இல்லை. முதல் ஆல்பத்தின் ஆறு உருப்படிகளில் இரண்டு, காட்டின் அமைதியோடு ஒலிக்கும் இசைத்துண்டுகள். மற்றவை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நார்வேயிலும் ஸ்வீடனிலும் வார்க்கப்பட்ட அதே அச்சு. இரண்டாவது ஆல்பத்தின் கடைசிப் பாடல், இந்த இசைக்கு வழிவகுத்த ஸ்வீடன் குழுவான பாத்தரியின் 1988ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றின் மறுஆக்கம். அதாவது இவர் மரபை உடைக்க வந்தவர் இல்லை, அதில் உட்கார்ந்து சாதகம் செய்தவர்.

'மரபு', 'பாரம்பரியம்' என்ற சொற்களைக் கேட்டாலே நமக்குக் கை தானாக இறுகும். பாரம்பரியம் என்று சொல்லித்தான் நம்மைத் தெருவில் நடக்கவிடாமல் தடுத்தார்கள். அப்படியிருக்க, பழைய ஒலியை அப்படியே காப்பாற்றும் ஒரு குழுவை ஒரு சாதி எதிர்ப்பாளன் ஏன் கொண்டாட வேண்டும்? இந்த மரபின் கதையைச் சொன்னால் அந்தச் சந்தேகம் இன்னும் கூடும். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

'பிளாக் மெட்டல்' என்ற பெயர் இங்கிலாந்தின் வெனம் குழு 1982இல் வெளியிட்ட ஆல்பத்திலிருந்து வந்தது. அதை ஓர் இயக்கம்போல் மாற்றியவர்கள் நார்வேயின் இளைஞர்கள். மேஹெம் குழுவின் கிதார் கலைஞர் யூரோனிமஸ், ஆஸ்லோவில் நடத்திய 'ஹெல்வெட்டே' என்ற இசைத்தட்டுக் கடையைச் சுற்றித் திரண்டவர்கள். 1992 ஜூனில், பன்னிரண்டாம் நூற்றாண்டு மரக்கட்டுமானமான ஃபாண்டொஃப்ட் தேவாலயம் எரிக்கப்பட்டது. தொடர்ந்து வேறு தேவாலயங்களும் எரிந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், எம்பரர் குழுவின் டிரம்மர் தன்பாலீர்ப்பாளர் ஒருவரைக் குத்திக் கொன்றார். 1993 ஆகஸ்டில் பர்ஸும் என்ற தனிநபர் இசைத்திட்டத்தின் வார்க் விகெர்னெஸ், யூரோனிமஸைக் கொன்றார். அதற்கும் தேவாலய எரிப்புகளுக்குமாக 21 ஆண்டு தண்டனை பெற்று, 2009இல் வெளியே வந்தார். இன்றுவரை அவர் பேசிவருவது வெள்ளை இனவாதம், யூத வெறுப்பு. டார்க்த்ரோன் குழுவின் 1994ஆம் ஆண்டு ஆல்பத்தின் பின்னட்டையில் 'நார்வேஜிய ஆரிய பிளாக் மெட்டல்' என்றே அச்சிட்டிருந்தார்கள். பிற்பாடு அவர்கள் அதிலிருந்து விலகிக்கொண்டாலும், அந்த விதையிலிருந்து நாஜி பிளாக் மெட்டல் என்று ஒரு தனிக் கிளையே முளைத்து, இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆரியன். உலகின் வடகோடியில் பனியில் உட்கார்ந்திருந்த பையன்கள் பெருமையோடு ஒட்டிக்கொண்ட அந்தச் சொல்லை, தென்கோடியில் நம் முன்னோர்கள் எந்த அர்த்தத்தில் எதிர்கொண்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கல்லூரியில் நான் பர்ஸும் டி-ஷர்ட் போட்டுத் திரிந்தவன். அந்தப் பின்னணியை முதன்முதலில் வாசித்த இரவு நான் அடைந்த கூச்சம் இன்னும் போகவில்லை. என்னை மனிதனாகவே எண்ணாத ஒருவனின் பெயரை நெஞ்சில் சுமந்து திரிந்திருக்கிறேன். அந்த டி-ஷர்ட் இப்போது என் வண்டியைத் துடைக்கிறது.

துடைத்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அந்த ஒலி எனக்கு ஏன் பிடித்தது? எங்கள் வீட்டில் யாரும் பேசாத ஒரு கோபத்துக்கு அதில் சத்தம் இருந்தது, அதனால்தான். அந்தச் சத்தத்தையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டுமா? அது அவர்களுடைய சொத்துதானா?

வரலாற்றைக் கொஞ்சம் துருவினால் அந்தச் சொத்துப் பத்திரமே போலி என்று தெரிகிறது. மின் கிதாரை ராக் இசையின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர்கள் சிஸ்டர் ரொசெட்டா தார்ப், சக் பெர்ரி போன்ற கறுப்பினக் கலைஞர்கள். மெட்டலின் தொடக்கமான பிளாக் சாபத், பர்மிங்காம் நகரத்தின் உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள். அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி, தகரப் பட்டறை வேலையில் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்திடம் இழந்தவர். பிளாஸ்டிக்கில் தானே உறை செய்து விரலில் மாட்டிக்கொண்டு வாசித்தார். பிற்பாடு தந்திகளைத் தளர்த்திக்கொண்டார். மெட்டலின் அந்தக் கனத்த ஒலிக்குப் பின்னால் ஒரு தொழிலாளியின் விபத்து இருக்கிறது.

பிளாக் மெட்டலுக்கே வந்தாலும் கதை இதுதான். நார்வேக்காரர்கள் விழுந்து விழுந்து கேட்ட குழுக்களில் ஒன்று பிரேசிலின் சார்கோஃபாகோ. அவர்களின் 'ஐ.என்.ஆர்.ஐ.' ஆல்பம் வந்தது 1987இல். ஆணி பதித்த கைப்பட்டை, முகப்பூச்சு, வெறிகொண்ட வேகம் எல்லாம் அதில் அப்போதே இருந்தன. கறுப்பினத்தவர் பெருவாரியாக வாழும் சால்வடோர் நகரத்திலிருந்து மிஸ்டிஃபையர் வந்தது. 1990இல் கனடாவிலிருந்து இந்த இசையின் மிகக் கொடூரமான ஆல்பங்களில் ஒன்றை வெளியிட்ட பிளாஸ்ஃபெமி குழுவில், கிதார் வாசித்தவர்களில் ஒருவர் கறுப்பினத்தவர். யூரோனிமஸே தன் இசைத்தட்டு நிறுவனத்தில் ஜப்பானின் ஸை குழுவைச் சேர்த்துக்கொண்டவர்தான். பல கைகள் சேர்ந்து செய்த ஒன்றை, சிலர் தங்கள் ரத்தத்தின் குரல் என்று பட்டா போட்டுக்கொண்டார்கள்.

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதா என்ன? சதிர் ஆடிய குடும்பத்துப் பெண்களைப் பழித்து ஒதுக்கிவிட்டு, அந்த ஆட்டத்துக்கு 'பரதநாட்டியம்' என்று பெயர் சூட்டி, தொன்மையான புனிதக் கலை என்று மேடையேற்றியதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. மிருதங்கம் வாசிப்பவரின் குருபரம்பரையை நான்கு தலைமுறைக்குச் சொல்வார்கள். தோலைப் பதப்படுத்தி, வார் இழுத்து, அந்த நாதத்தை உண்டாக்கித் தந்த தலித் கைவினைஞர்களின் பெயர் அந்தப் பட்டியலில் வராது. அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் வர 2020 ஆகவேண்டியிருந்தது. ஒரு கலை 'தூய மரபு' என்று அறிவிக்கப்படும் இடத்தில் எல்லாம் யாரோ சிலருடைய உழைப்பு அழிக்கப்பட்டிருக்கும். இதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போதுதான் பிளாக்பிரெய்ட் செய்திருக்கும் காரியத்தின் கனம் புரிகிறது.

அவருடைய முதல் பாடலின் தலைப்பு 'பேர்ஃபுட் கோஸ்ட் டான்ஸ் ஆன் பிளட் சோக்ட் சாயில்'. ரத்தத்தில் ஊறிய மண்ணில் வெறுங்காலோடு ஆடும் ஆவி நடனம். ஆவி நடனம் கற்பனை இல்லை. 1889இல் பையூட் இனத்தைச் சேர்ந்த வோவோகா என்பவர் கண்ட தரிசனத்திலிருந்து அது பரவியது. இறந்த முன்னோர்கள் திரும்பி வருவார்கள், வெள்ளையர் இல்லாத உலகம் மீளும் என்ற நம்பிக்கையோடு வட்டமாகக் கைகோத்து ஆடினார்கள். வெறும் நடனம்தான். ஆனால் அமெரிக்க அரசு அதைக் கண்டு அஞ்சியது. 1890 டிசம்பர் 29 அன்று தெற்கு டகோட்டாவின் வுண்டட் நீ ஓடைக்கரையில், பெண்கள், குழந்தைகள் உட்பட 250க்கும் மேற்பட்ட லகோட்டா மக்களை ராணுவம் சுட்டுக் கொன்றது. சுட்டவர்கள் பலருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கொடுத்தார்கள்.

இப்போது இரண்டு அலறல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நார்வே இளைஞர்கள் கிறித்துவத்தை வெறுத்தது, அது ஆயிரம் வருடங்களுக்கு முன் தங்கள் மூதாதையரின் தெய்வங்களை அழித்தது என்பதற்காக. அவர்கள் அதைச் சொன்னபோது உலகின் செழிப்பான நலவாழ்வு அரசு ஒன்றின் குடிமக்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளின் சடங்குகள் 1883 முதல் அரசு விதியாலேயே தண்டனைக்குரிய குற்றங்கள். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, முடியை வெட்டி, மொழியைத் தடைசெய்த உறைவிடப் பள்ளிகள் பலவற்றை நடத்தியவை திருச்சபைகள். அவர்களின் சமய உரிமையைப் பாதுகாக்கும் சட்டம் 1978இல்தான் வந்தது. அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். நார்வேக்காரர்கள் தொல்கதையிலிருந்து கடன் வாங்கிய கோபத்தை, இந்தக் கலைஞரின் மக்கள் வாழ்ந்து அனுபவித்திருக்கிறார்கள். 'பிளாக்பிரெய்ட்' என்றால் கரும்பின்னல். பின்னலை வெட்டியெறிந்த ஒரு வரலாற்றுக்கு எதிரில், அந்தப் பெயரே போதுமான அறிக்கை என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் பாடல்களில் முழக்கம் குறைவு. காடு, ஓநாய், ஆறு, பனி, மூதாதையர் என்றுதான் போகும். நம்முடைய அரசியலை அவர் வாயில் திணிக்க நான் விரும்பவில்லை. எனக்கு முக்கியமாகப்படுவது அவர் செய்யாமல் விட்ட ஒன்று. பூர்வகுடிக் கலைஞர் என்றால் குழலும் இறகும் முரசும்தான் எதிர்பார்ப்பு. குழலை அவர் வாசிக்காமல் இல்லை, ஆனால் அதோடு நிற்கவும் இல்லை. இனவாதிகள் தங்கள் ரத்தத்தின் குரல் என்று உரிமை கொண்டாடிய அதே இசையை, அதன் மிகக் கறாரான இலக்கணத்திலேயே, பலரை விட நன்றாக வாசித்துக் காட்டினார். கலப்பு இசையாக இருந்திருந்தால், "இது வேறு, எங்களுடையது வேறு" என்று தள்ளிவைத்திருப்பார்கள். அவர் நடுவீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். மரபைக் கற்றவன் எவனோ அவனே வாரிசு. பிறப்பு அதற்குச் சாட்சி இல்லை. நந்தன் முதல் இன்றைய அர்ச்சகர் மாணவர்கள் வரை இந்த மண்ணில் கருவறை வாசலில் நிறுத்தப்பட்ட எல்லோருக்கும் தெரிந்த வழக்குதான் இது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிளாக் மெட்டலின் ஒலியை எடுத்துக்கொள்ளலாம், அதன் சூத்திரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 'அந்நிய மதம் வரும் முன் இருந்த முன்னோர் மதத்துக்குத் திரும்பு' என்ற நார்வே சூத்திரத்தை இந்தியாவில் போட்டால் விடை என்ன வரும்? நேராக நாக்பூருக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும். சிங்கப்பூரில் 1992இல் தமிழர்கள் சேர்ந்து தொடங்கிய ருத்ரா குழு, தன் இசையை 'வேத மெட்டல்' என்று அழைத்துக்கொள்கிறது. சமஸ்கிருதச் சுலோகங்களும் வேதாந்தமும் அதன் பாடுபொருள். கைதேர்ந்த கலைஞர்கள். அவர்கள் சாதியைப் போதிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுலோகங்களைக் கேட்ட காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன மரபைச் சேர்ந்த ஒரு பெயர், கலகக்கார இசையின் மேல் எப்படி இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. எதிர்ப்பக்கத்தில், கொல்கத்தாவின் ஹீத்தன் பீஸ்ட் குழு 2012இல் 'அயோத்யா பர்ன்ஸ்' என்று மதவெறிக்கு எதிராகவே இந்த இரைச்சலைத் திருப்பியது. ஒலி ஒன்றுதான். யாரை நோக்கிக் கத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தேவாலயத்தைத் திட்டும் வரிகளையும் நாம் இரவல் வாங்க முடியாது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் மொழியைப் பிடுங்கிய அதே திருச்சபைதான், இங்கே எங்கள் பாட்டிகள் சிலருக்கு முதல் சிலேட்டைக் கையில் கொடுத்தது. அதே திருச்சபைக்குள் நமக்குத் தனி பெஞ்சும் தனிக் கல்லறையும் வைத்தார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பேசத் தெரிந்தவர்கள்தான் நம்மில் இருந்து பாட வர வேண்டும்.

தெய்வ நிந்தனைதான் பிளாக் மெட்டலின் அடையாளம் என்றால், அதில் நாம் யாரிடமும் பாடம் படிக்க வேண்டியதில்லை. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கரின் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1953இல் பெரியார் பிள்ளையார் சிலைகளை உடைத்தார். நார்வேயில் எரிந்தது ஊரார் கும்பிட்ட கட்டடம். மகாத்தில் எரிந்தது, மனிதரை மனிதர் தொடக்கூடாது என்ற சட்டம். அதற்கு ஒன்பது மாதங்கள் முன்பு அதே ஊரில் சவுதார் குளத்தில் நீர் அள்ளிக் குடித்ததற்காக மக்கள் அடிபட்டிருந்தார்கள். ஒன்று இரவில் ஒளிந்து வைத்த தீ. மற்றது ஆயிரக்கணக்கானோர் கூடிப் பெயர் சொல்லி வைத்த தீ. உண்மையான கறுப்பு இசை எழுத வேண்டுமென்றால் பொருள் நம்மிடம்தான் குவிந்து கிடக்கிறது.

"கலையையும் கலைஞனையும் பிரித்துப் பார்க்க வேண்டும்" என்று நண்பர்கள் சொல்வார்கள். பர்ஸும் கேட்பவனை நான் போலீஸ்போல் மடக்கப்போவதில்லை. என்னால் இனிமேல் அதைக் கேட்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று கேட்பேன். பிரித்துப் பார்க்கும் பெருந்தன்மை ஏன் எப்போதும் ஒடுக்குகிற கலைஞனுக்கே கிடைக்கிறது? அவனுடைய வெறுப்பை மறந்துவிட்டு இசையை மட்டும் கேட்கச் சொல்பவர்கள், நம் பிள்ளை ஒருவன் மேடையேறினால் மட்டும் இசையை விட்டுவிட்டு அவன் சாதியைக் கேட்கிறார்கள். அதே மெட்டு, அதே வேகம், அதே இரவு வேறொருவரிடம் கிடைக்கும்போது, அங்கே நம் காதையும் காசையும் கொடுப்பதில் என்ன நஷ்டம்?

2018இல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் நின்றன. அன்று திறந்த கதவு பெரியது. ஆனால் அதையே கடைசிக் கதவாக ஆக்கிவிடக் கூடாது. நமக்குக் கானா பாடகர்கள் வேண்டும், பறையிசைக் கலைஞர்கள் வேண்டும். யாருக்கும் புரியாத இரைச்சலில் தன் ஊரின் துக்கத்தைப் புதைத்து வைக்கும் பையன்களும் பெண்களும்கூட வேண்டும். அவர்கள் எல்லாப் பாட்டிலும் விடுதலையை விளக்க வேண்டியதில்லை. ஒரு மரபைக் கசடறக் கற்று, அதில் வெறுமனே நன்றாக இருப்பதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு.

அந்தத் தோழருக்குப் பிளாக்பிரெய்டின் முதல் பாடலைப் போன வாரம் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, "தலை வலிக்குது தோழர்" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு செய்தி: "ஆனா நடுவுல ஒரு ஒப்பாரி கேக்குது."

அதைத்தான் தோழர் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.